அம்மாவின் 'வெறும் வயிற்று மாத்திரை'

அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் முழுக்க ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கூப்பிட்டதும் ஓடிப்போய்ப் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பேன். சதை கல் மாதிரி உருண்டு நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் மெல்ல இளகும். பசி குறைந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது விரல் நடுங்கியது. "வயசானா அப்படித்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.0 என்று வந்தது. 3.5-க்குக் கீழே போகக் கூடாதாம். சிரப் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து 3.1. அளவைக் கூட்டிப் பார்த்தார்கள், அப்போதும் 3.1தான். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த அத்தனை சிரப்பும் எங்கே போயிற்று என்றே புரியவில்லை.

அப்புறம் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் போனோம். "அம்மா சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். மேஜையில் பரப்பி, இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தார். ஒன்று ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை. அது சிறுநீர் வழியாக மெக்னீசியத்தையும் வெளியேற்றிவிடும். இன்னொன்று அம்மா 'வெறும் வயிற்று மாத்திரை' என்று சொல்லும் பாண்டோபிரசோல். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறையலாம். வயதானவர்களுக்கு அந்த உறிஞ்சுதல் ஏற்கெனவே குறைவு. மெக்னீசியம் இறங்கிவிட்டால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காமல் விட்டுவிடும். எவ்வளவு சிரப் குடித்தாலும் நிற்காது.

வீட்டுக்கு வந்து பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்தேன். மூட்டுவலி மாத்திரையால் நெஞ்செரிச்சல் வந்தபோது எழுதியது. பாண்டோபிரசோலுக்கு நேரே '14 நாள்' என்று இருந்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது! காலி அட்டையைக் காட்டிக் காட்டி நான்தான் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்குப் பரிசோதித்ததில் மெக்னீசியம் 1.1 இருந்தது. 1.7-க்கு மேல் இருக்க வேண்டியது. உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கிறது. மீதி எலும்பிலும் தசையிலும். அதனால் ரத்த அளவு சரியாக இருந்தாலும் உள்ளே குறைவு இருக்கலாம் என்றும், ரத்தத்திலேயே இவ்வளவு இறங்கியிருந்தால் சும்மா விடக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். ஈசிஜியில் இதயத் துடிப்பு இடையிடையே தப்பியது. முதலில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு நாள் படுக்க வைத்து நரம்பு வழியாக மெக்னீசியத்தை மெதுவாக ஏற்றினார்கள். அதே சிரப்தான், நாலாம் நாள் பொட்டாசியம் 3.8.

கஷ்டம் அதற்கப்புறம்தான். அமில மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிடப் பலமாகத் திரும்பியது. பழகின வயிறு சில வாரம் அப்படித்தான் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்குமாம். அதுவரை சமாளிக்க, அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபமோடிடின் கொடுத்தார். மெக்னீசியம் ஆக்சைடு மாத்திரையில் பேதியாகி அம்மா துவண்டுவிட்டாள். மெக்னீசியத்தின் இன்னொரு வகையான கிளைசினேட்டுக்கு மாற்றி, இரண்டு வேளையாகப் பிரித்ததும் ஒத்துக்கொண்டது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுகிறோம்.

இதைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா தானும் அதே மெக்னீசியம் மாத்திரையை வாங்கப் பார்த்தார். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம். வெளியேற வழியில்லாமல் மெக்னீசியம் சேர்ந்துவிட்டால் இதயத்துக்கே ஆபத்து என்று சொல்லித் தடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அம்மாவின் மெக்னீசியம் 1.9 வந்தது. நீர் மாத்திரையின் அளவையும் மருத்துவர் பாதியாக்கியிருக்கிறார். கெண்டைக்கால் இன்னும் எப்போதாவது இழுக்கிறது, ஆனால் என்னைக் கூப்பிடுகிற அளவுக்கு இல்லை. அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. மாத்திரைப் பையோடு வரச் சொல்லியிருக்கிறார்.