ஒற்றுப்புள்ளி தெரிகிறதா?

எங்கள் அச்சகத்தில் பக்கம் கட்டும் அறையில் மூன்று மேசைகள். மூலையில் அண்ணன், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருளில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எதிரில் தம்பி, அதே வேலைக்கான புதிய மென்பொருளான இன்டிசைன் தவிர வேறொன்றைத் தொடமாட்டான். நடு மேசையில் மெய்ப்புப் பார்க்கும் நான். அவர்கள் சண்டை போட்டால் இரண்டு காதிலும் சமமாக விழும் இடம் அது.

முன்பெல்லாம் சண்டை வாரத்துக்கு ஒன்று. முதலாளி இரண்டு 27 அங்குல 4கே மானிட்டர்களை வாங்கி வந்த பிறகு தினம் ஒன்றாயிற்று. தம்பியின் திரையில் எழுத்து கண்ணாடியில் கீறியது போல் நின்றது. அண்ணனின் திரையில் அதே எழுத்து ஈரத் தாளில் மை ஊறியது போல் இருந்தது. அவர் முதலில் தன் கண்ணாடியைத்தான் சந்தேகித்தார். வேட்டி நுனியால் அதைத் துடைத்தார்; பிறகு அதே நுனியால் திரையையும் துடைத்தார். "அண்ணே, துடைத்துத் தீராது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதற்குப் பிறகு புதிதே கிடையாது" என்றான் தம்பி. "2001இல் வந்தது நேற்று வரை பளிச்சென்று இருந்ததே, இன்று காலையில்தான் அதற்கு வயதானதா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது.

பழைய மானிட்டர் 24 அங்குலம், திரைப் புள்ளி (பிக்சல்) கணக்கில் 1920க்கு 1080. அங்குலத்துக்குச் சுமார் 92. புதியதில் 3840க்கு 2160, அங்குலத்துக்கு 163. அப்படியே விட்டால் மெனு எல்லாம் எறும்பு வரிசை ஆகிவிடும். அதனால் விண்டோஸில் எல்லாவற்றையும் 150 சதவீதமாகப் பெரிதாக்கி வைத்திருந்தோம். புதிய மென்பொருள் அந்த அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத்தைப் பெரிதாகவே வரைகிறது. பழையதற்கு அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற ஒரே கணக்குதான் தெரியும். அது தன் வழக்கப்படி சின்னதாக வரைந்து கொடுக்க, விண்டோஸ் அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. ஒரு புள்ளிக் கனத்தில் உள்ள கோடு ஒன்றரைப் புள்ளி ஆக வேண்டும். அரைப் புள்ளிக்கு மானிட்டரில் எங்கே போவது? ஓரத்தில் சாம்பல் பூசிச் சமாளிக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. நாங்கள்தான் புது மானிட்டர் வாங்கும்வரை சந்திக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சாம்பல் பூச்சோடு காலம் தள்ளிவிடலாம். தமிழில் முடியாது. பழைய பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால்தான் ஒற்றுக்குப் புள்ளி விழும். முழுப் பக்கத்தையும் திரையில் வைத்துப் படிக்கும்போது அந்தப் புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். துணைக்காலும் ரகரமும் இன்னும் மோசம். ரகரத்தின் அடியில் ஒரு சின்ன வால், அதுதான் வித்தியாசம். மங்கலில் முதலில் கரைவது அந்த வால்தான்.

ஒரு கோயில் குடமுழுக்கு மலரில் நானே அதில் மாட்டினேன். மெய்ப்புக்குத் தாள் எடுக்கும் லேசர் பிரிண்டரில் டோனர் தீர்ந்திருந்தது. ஒரு பக்கம்தானே, திரையிலேயே பார்த்துவிடலாம் என்று அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று படித்து, சரி என்று சொல்லிவிட்டேன். பிளேட் போட்டு, ஓட்டி, மடித்த பிறகுதான் 'காலம்' என்பது 'கரலம்' என்று இருப்பது தெரிந்தது. ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள் முழுவதும் திரும்ப ஓட்டினோம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் தேவலை.

அன்றுதான் பேஜ்மேக்கரின் பண்புகளைத் திறந்து, உயர் அடர்த்தித் திரைக்கான அமைப்பைத் தேடிப் பிடித்தோம். மூன்று தெரிவுகள். மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்றால் எழுத்து கூர்மை, ஆனால் எறும்பு. விண்டோஸ் பார்க்கட்டும் என்றால் பழைய மங்கல். மூன்றாவது 2017இல் விண்டோஸ் 10இல் சேர்ந்த மேம்பட்ட முறை. அதில் மெனு எழுத்துகள் தெளிந்தன. கருவிப்பட்டைப் படங்கள் மட்டும் ஊறியபடியே இருந்தன. சில பெட்டிகளில் எழுத்து ஓரம் வெட்டுப்பட்டது. அண்ணன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பாதிக் கண் திறந்திருக்கிறது" என்றார்.

பழையதைக் கைவிட வேண்டும் என்று தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவன் தவறான இடத்தில் நின்று வாதிடுகிறான் என்பது என் எண்ணம். மங்கலுக்காகப் பழையதைக் கைவிட வேண்டியதில்லை; அது மானிட்டருக்கும் விண்டோஸுக்கும் இடையிலுள்ள கணக்கு. கைவிடுவதற்கு உண்மையான காரணம் வேறு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அதிலுள்ள தமிழ் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில விசைகளின் குவியல். தேட முடியாது, மின்னூலாக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடுக்கு மாறியாயிற்று. இதைச் சொன்னால் அண்ணன் பீரோவைக் காட்டுவார். உள்ளே குறுந்தகடுகளில் மறுபதிப்புக்கு வரும் நூல்கள். இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. 112ஆம் பக்கத்தில் ஒரு பிழை திருத்த அண்ணனுக்கு ஐந்து நிமிடம் போதும். எழுத்துருவை மாற்றி, பக்கம் ஓடாமல் மறுபடி கட்ட தம்பிக்கு நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளுக்குப் பணம் கொடுக்கும் பதிப்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியில் தீர்வு காகிதக் கிடங்கில் இருந்தது. ஓரம் கட்டிய 24 அங்குல மானிட்டரைத் தூசி தட்டி, புதியதன் பக்கத்தில் 100 சதவீதத்தில் பொருத்தினோம். பேஜ்மேக்கர் சாளரத்தைப் புதிய திரையிலிருந்து மெல்ல இழுத்தால், பாதி தாண்டும்வரை குழம்பிய எழுத்து, தாண்டியதும் சட்டென்று தெளிந்து நிற்கும். ஒற்றுப்புள்ளிகள் ஒவ்வொன்றாய் எண்ணலாம். அண்ணன் முதல் நாள் அதை நாலைந்து முறை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

சென்ற வாரம் தம்பி தான் கட்டிய பக்கத்தின் பிடிஎஃப்பை அந்தத் திரையில் போட்டான். வாடிக்கையாளர் வீட்டில் இருப்பதும் இப்படிப்பட்ட மானிட்டர்தானாம். "அண்ணே, இதில் ஒற்றெல்லாம் தெரிகிறதா, கொஞ்சம் பாருங்கள்" என்றான். அண்ணன் வேட்டி நுனியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நான் எழுந்து போய் லேசர் பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன்.