சின்னவளின் மேல்காது

3 ஜூன் 2025, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்குவதற்குள் மேல்காதில் ஒரு தோடு ஏறிவிட வேண்டுமென்று சின்னவளுக்கு ஒரே பிடிவாதம். கடைவீதி நகைக்கடையில் துப்பாக்கியால் டப்பென்று குத்தி அனுப்பிவிட்டார்கள். இரவு அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அத்தை மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "மேலே கொப்பு போட்ட காது இது. பத்தர் தங்கக் கம்பியால் குத்தினார். ஒரு மாத்திரை தின்றிருப்பேனா?" ஆறிய காதுகள் இப்படித்தான் பேசும், சீழ் வைத்த காதுகளின் கதையை யார் சொல்லிவைத்தார்கள்? மஞ்சளைத் தடுத்து, கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரால் துடைத்துவிட்டேன்.

5 ஜூன், வியாழன்

லேசாக நீர் கசிந்து பொருக்குக் கட்டியிருக்கிறது. புதுத் துளையில் இது வழக்கம்தான். அரிப்பு இல்லை, ஆகவே நிக்கல் ஒவ்வாமையும் இல்லை. கவரிங் தோடு போட்டால் சொறிந்து சொறிந்து தோல் உரியும் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

7 ஜூன், சனி

இது வேறு. காதின் மேல்பாதி செக்கச்செவேலென்று வீங்கி, தொட்டால் சுடுகிறது. சீப்பு பட்டாலே அலறுகிறாள். கீழே தொங்கும் சோணை மட்டும் எப்போதும்போல் இருக்கிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் பார்த்ததே அந்தச் சோணையைத்தான். அங்கே குருத்தெலும்பு கிடையாது. கொழுப்பும் ரத்த ஓட்டமும் இருப்பதால் சீக்கிரம் ஆறும். மேல்காது முழுக்கக் குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக் குழாய்கள் இல்லை, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம் வர வேண்டும். அந்தச் சவ்வுக்கு அடியில் சீழ் தேங்கினால் குருத்தெலும்பு அழுகி, காது சுருங்கி வடிவம் கெட்டுவிடுமாம். சின்னவள் அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குப்பின் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் பெரும்பாலும் தொற்றுவது ஈரத்தில் வாழும் சூடோமோனாஸ் என்ற கிருமி. கண்ட மாத்திரைக்கும் அது அடங்காது என்பதால் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார். தோட்டை அவரே கழற்றினார். துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகங்கள் ஆட்டோகிளேவ் என்ற கிருமிநீக்கும் கருவியின் நீராவிச் சூட்டைத் தாங்காது, ஸ்பிரிட்டில் துடைப்பதோடு சரி, அதன் மொட்டைமுனை குருத்தெலும்பை நசுக்கவும் செய்யும் என்றார். மாத்திரையைப் பாலில் விழுங்கக் கூடாது, சுண்ணாம்புச்சத்து மருந்தை உடம்பில் சேரவிடாது என்றும் எச்சரித்தார். வீட்டுக்கு வந்தால் அத்தை பால் டம்ளருடன் வாசலிலேயே நிற்கிறார்!

10 ஜூன், செவ்வாய்

சூடு தணிந்திருக்கிறது. தலையணை உறையைத் தினமும் மாற்றுகிறேன்.

14 ஜூன், சனி

வீக்கம் வடிந்துவிட்டது, சீழ் பிடிக்கவில்லை. காதின் வடிவத்துக்கும் பழுதில்லை என்று மருத்துவர் சொன்னதும் சின்னவள் கேட்ட அடுத்த கேள்வி, "மூக்குத்தி எப்போது குத்தலாம்?" அவர் சிரிக்கவில்லை. இது முழுதும் ஆறட்டும், பிறகு கிருமிநீக்கிய ஊசியால் மட்டும், துப்பாக்கி பக்கமே போகாதே என்றார். பஸ்ஸில் வரும்போதே ஒற்றைக் கல்லா, ஏழு கல்லா என்று என்னிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டாள்.