ஜன்னலோரம் 513 கிலோமீட்டர்

போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் போக எடுத்த விமான டிக்கெட்டில் புறப்பாடு 10.05, வருகை 12.25 என்றிருந்தது. திரும்பும் டிக்கெட்டில் புறப்பாடு 15.30, வருகை 15.50. போகும்போது இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல், வரும்போது இருபதே நிமிடமா? அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிழை இல்லை. ஸ்பெயினின் கடிகாரம் போர்ச்சுகலைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. வரைபடத்தைப் பார்த்தால் மாட்ரிட், லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆனால் 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு நகர்த்திவைத்தது, அது அப்படியே தங்கிவிட்டது. அந்த ஒரு மணியைப் போகும்போது கழித்து, வரும்போது கூட்டினால் இரண்டும் 1 மணி 20 நிமிடம்.

அதுவும் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்வழியில் சுமார் 513 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் நாற்பது நிமிடம்கூட ஆகாது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும், ஏறுவதும், இறங்குவதும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொடும்வரை எண்ணிப் பார்த்தேன்: 56 நிமிடம். காபி வண்டி எங்கள் வரிசைக்கு வருவதற்குள் இடுப்புப் பட்டை விளக்கு எரிந்துவிட்டது.

லிஸ்பன் கவுன்டரில் இருந்த பெண் "ஜனேலா?" என்று கேட்டார். ஒரு கணம் திகைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. நம் வீட்டு ஜன்னல் என்ற சொல்லே இந்த ஊர் மொழியிலிருந்து வந்ததுதானே! அலமாரியும் சாவியும்கூட அப்படித்தான். ஜன்னலோரமே வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், இருப்பதால் மாட்ரிட்டில் பாஸ்போர்ட் வரிசை கிடையாது. ஆனால் நடை இருக்கிறது! அங்குள்ள பராஹாஸ் விமான நிலையத்தின் நான்காம் முனையம், 2006இல் திறந்தது, மூங்கில் பட்டை வேய்ந்த அலை அலையான கூரையோடு நீண்டுகொண்டே போகிறது. அழகுதான், கையில் பெட்டி இல்லாதவர்களுக்கு. லிஸ்பன் அறையைப் பூட்டியதிலிருந்து மாட்ரிட் அறையைத் திறந்ததுவரை ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

ரயிலில் போயிருக்கலாமே என்பீர்கள். மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு 621 கிலோமீட்டரை அதிவேக ரயில் இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறது. லிஸ்பனுக்கோ நேரடி ரயிலே இல்லை. இருந்த ஒரு இரவு ரயிலும் 2020இல் பெருந்தொற்றோடு நின்றுபோனது. இரண்டு தலைநகரங்களுக்கு நடுவே இப்படி ஒரு நிலைமை இருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

திரும்பும்போது இடப்பக்க ஜன்னல். ஸ்பெயினில் தாஹோ என்று பெயர் கொண்ட ஆறு, இங்கே தேஜோவாகி, கடல்போல் அகன்று கிடந்தது. அதன்மேல் சிவப்புத் தொங்குபாலம். ஓட்டுக் கூரைகளை உரசுவதுபோல் விமானம் இறங்கியது. கைபேசி தானாகவே மணியை மாற்றிக்கொண்டு 15.48 என்றது. கைக்கடிகாரத்தில் 16.48. அதைத் திருப்பிவைக்காமலே மெட்ரோவுக்கு நடந்தேன்.