குண்டு வெடிச்ச அஞ்சாவது நிமிஷம்

எங்கயாவது குண்டு வெடிச்சா போதும், போலீஸ் ஸ்பாட்டுக்கு போய் சேர்றதுக்குள்ள நம்ம அரசியல்வாதிங்க தீர்ப்பே எழுதிடுறாங்க, டிவில உக்காந்து "முஸ்லிம் சமுதாயத்து தலைவர்கள் ஏன் கண்டிக்கல"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. கண்டிச்சா மட்டும் காதுல விழுமா என்ன? 2008 நவம்பர் மும்பை தாக்குதல்ல செத்த ஒன்பது தீவிரவாதிங்களை எங்க கபர்ஸ்தான்ல (முஸ்லிம்களோட இடுகாடு) புதைக்க விடமாட்டோம்னு மும்பை முஸ்லிம் அமைப்புகள் சொல்லிட்டாங்க, அதை விட பெரிய கண்டனம் எப்படி பண்றதுன்னு எனக்கு தெரியல.

மகாராஷ்டிராவுல இருக்கிற மாலேகான் ஊரோட கதை இன்னும் கொடுமை. 2006 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்ச நேரம், மசூதிய ஒட்டி இருந்த கபர்ஸ்தான் பக்கம் குண்டு வெடிச்சுது, செத்ததுல பெரும்பாலானவங்க முஸ்லிம்கள், அரெஸ்ட் பண்ணதும் முஸ்லிம்களைத்தான், ஒன்பது பேரு. அஞ்சு வருஷம் கிட்ட உள்ள இருந்துட்டு 2011ல ஜாமீன்ல வந்தாங்க, அப்புறம் என்ஐஏ (தேசிய புலனாய்வு முகமை) விசாரணை வேற குரூப் பக்கம் திரும்புச்சு, 2016லதான் கோர்ட் இவங்களை விடுவிச்சுது, அதுக்குள்ள ஒருத்தர் இறந்தே போயிட்டாரு. அரெஸ்ட் ஆனப்ப வந்த நியூஸ் எவ்ளோ பெருசு, விடுதலையானப்ப வந்தது எவ்ளோ!

குண்டு வெச்சவனுக்கு தண்டனை வேணாம்னு நான் சொல்லல (இதை வேற தனியா சொல்ல வேண்டியிருக்கு பாருங்க), கோயம்புத்தூர்ல 1998 பிப்ரவரி 14 அன்னைக்கு ஐம்பதுக்கும் மேல செத்தாங்க, அதை யாராலயும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அதுக்கு பக்கத்து தெரு பாய் எதுக்குங்க பதில் சொல்லணும்?