பங்குனியிலும் போர்வை

பங்குனி பிறந்தும் திருகோணமலையில் போர்வை மடித்தபாடில்லை. இந்த வாரமும் பின்னேரங்களில் இடியுடன் மழையாம். கருவாடு காயப்போட்ட சனம் வானத்தைப் பார்த்தபடி தார்ப்பாயோடு நிற்குது.

தேத்தண்ணிக் கடையில் ஓர் அண்ணை, "எல்லாம் தலைகீழாப் போச்சு" என்றார். அப்படியொன்றும் இல்லை. மார்ச்சும் ஏப்ரலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலை வெயிலில் நிலம் சூடேற, பின்னேரம் முகில் திரண்டு இடித்துப் பெய்யும். ஒரு பங்குனிக் குளிரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, 30 வருடச் சராசரியோடு வைத்துப் பார்க்கவேணும்.

நாங்கள் பயப்படவேண்டியது நவம்பர், டிசம்பருக்குத்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் இலங்கையின் வடக்கைக் கடந்துதான் போனது. 1978 நவம்பர் 23 மட்டக்களப்பைப் புயல் அடித்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பரில் டித்வா புயல்; மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது.

2000 டிசம்பர் 26 புயல் நேராக எங்கள் கரையில் ஏறியது. ஆனால் அதைப் பேசுவார் குறைவு. நாலு வருடம் கழித்து அதே திகதியில் சுனாமி வந்ததால், டிசம்பர் 26 என்றாலே எல்லோருக்கும் அதுதான் ஞாபகம். புயலுக்கு ஒரு தேதிகூட மிஞ்சவில்லை!

சரி, தென்மேற்கிலிருந்து வெக்கையாக வரும் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இந்தக் குளிரைத் தேடி அலைவோம். அதுவரை நிலாவெளிக்குக் குளிக்கப் போகிறவர்கள், இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறிவிடுங்கோ. தென்னைக்குக் கீழே மட்டும் ஒதுங்கவேண்டாம்.