எதற்காக என்று கேட்கும் நாட்கள்

மே 5, திங்கள்

இன்றைய உளவியல் ஆலோசனை வகுப்பு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றி நடந்தது. ஒருவர் தம் துன்பத்தைச் சொல்லும்போது, அது ஏன் வந்தது என்று பின்னோக்கித் தோண்டிக்கொண்டே போகாமல், அது அவரை எங்கே கொண்டு போகிறது, எதை எதிர்கொள்ளாமல் அவரைக் காக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும் என்றார் ஆசிரியர். இந்த முறைக்கு வித்திட்ட வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் 1911இல் ஃபிராய்டின் வட்டத்தை விட்டு வெளியேறியதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், பிளவின் வேர் இங்கேதான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபிராய்டு மனிதனைப் பின்னாலிருந்து தள்ளும் விசையைத் தேடினார். அட்லர் மனிதன் தானே வகுத்துக்கொண்டு நடக்கும் இலக்கைத் தேடினார். வகுப்பறையில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. மாலையில் அக்காவின் அறைக்குள் நுழையும்போது, அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பரிசோதனை வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போய்விட்டது.

மே 6, செவ்வாய்

அக்கா இரவு முழுவதும் உறங்கவில்லை. நானும் உறங்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மே 8, வியாழன்

காத்திருப்புக் கூடத்தில் பாடக்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1870இல் பிறந்த அட்லருக்குக் குழந்தைப் பருவத்தில் எலும்பு மென்மை நோய் இருந்தது. பிறகு நிமோனியா வந்தபோது, இந்தப் பிள்ளை பிழைக்காது என்று மருத்துவர் அவருடைய தந்தையிடம் சொன்னார். பிழைத்த பிள்ளை மருத்துவராகி, 1907இல் உறுப்புகளின் குறைபாட்டைப் பற்றி எழுதினார்: உடலில் நலிந்த ஓர் உறுப்பு இருந்தால், உடலும் உள்ளமும் சேர்ந்து அதை ஈடுகட்ட முயல்கின்றன என்பது அதன் சாரம். அங்கிருந்துதான் தாழ்வுணர்வு என்னும் கருத்து வளர்ந்தது. அந்த உணர்வு எல்லாருக்கும் உண்டு, சிறு குழந்தையாகப் பிறந்து பெரியவர்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எவருக்கும் அது இல்லாமல் போகாது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அட்லரைப் பாதிதான் சொன்னதாகும். அந்த உணர்வு ஒருவரை நடக்க வைக்கும் வரையில் அது நோயல்ல. நடக்காமல் இருப்பதற்குக் காரணமாக அவர் அதைக் காட்டத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

அக்காவை இடது கையை உயர்த்தச் சொன்னார்கள். காது வரை எழுந்து அங்கேயே நின்றுவிட்டது. கை நடுங்குவதை மறைக்க, சட்டைக் கழுத்தின் பொத்தானைச் சரிசெய்வது போல விரல்களை அங்கே கொண்டுபோனாள். செவிலியர் அதைப் பார்க்கவில்லை.

மே 9, வெள்ளி

முடிவு வர ஒரு வாரம் ஆகலாம் என்கிறார்கள். ஆகலாம்.

மே 12, திங்கள்

தொடக்ககால நினைவுகளைக் கேட்டறியும் பயிற்சி இன்று தொடங்கியது. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் எதை ஏற்பது, எதை விடுவது என்பதில் கண்டிப்பு வேண்டும். "நாங்கள் கோடை விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போவோம்" என்பது நினைவு அல்ல, அது செய்தி. ஒரு நாள், ஓர் இடம், ஒரு நிகழ்வு என்று கண்முன் விரிய வேண்டும். சொல்பவர் அதைச் சொந்தமாகக் காண வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டதாக இருக்கக் கூடாது. பிறகு, அதில் மிகத் துலக்கமாகத் தெரியும் கணம் எது, அந்தக் கணத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். விளக்கம் சொல்லும் அவசரம் கூடாது.

என் பயிற்சித் துணை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை, அம்மா என்றே அழைக்கிறேன். அவர் கேட்க நான் சொன்னேன். எனக்கு நான்கு வயது இருக்கும். மழை விட்டிருக்கிறது, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடக்கிறாள். அவளுடைய செருப்புகளை நான் இரண்டு கைகளிலும் உயர்த்திப் பிடித்திருக்கிறேன். துலக்கமான கணம் அந்தச் செருப்புகள்தான், அவற்றின் வாரிலிருந்து என் முழங்கை வரை ஒழுகிய தண்ணீர்தான். உணர்வு, பெருமிதம்.

அம்மா தம் குறிப்பேட்டில் நிதானமாக எழுதிவிட்டு, "உன்னைச் சுமக்கிறார்கள். ஆனாலும் நீயும் எதையாவது சுமந்துகொண்டிருந்தால்தான் உனக்கு நிம்மதி, இல்லையா?" என்று கேட்டார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு ஊகத்தை முன்வைத்துவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதே பாடம். சட்டென்று தோன்றும் சிரிப்போ கண்ணில் மின்னும் ஒரு மாற்றமோ விடையைச் சொல்லிவிடுமாம். என் முகத்தில் அவர் எதைப் பார்த்தார் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

நேரடி ஆலோசனைப் பயிற்சிக்கான படிவம் கொடுத்தார்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் தர வேண்டும். பைக்குள் வைத்திருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

அட்லருக்கும் ஒரு நினைவு இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் இடுகாடு. மற்றப் பிள்ளைகள் அச்சமின்றிக் கடந்துபோக, அவர் ஒவ்வோர் அடியிலும் நடுங்கினார். ஒரு நாள் இந்த அச்சத்துக்கு முடிவு கட்டியே தீர்வது என்று, புத்தகப் பையை ஓரமாக வைத்துவிட்டு, அச்சம் அடங்கும் வரை இடுகாட்டின் குறுக்கே ஓடியும் திரும்பியும் பழகினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய பள்ளித் தோழர் ஒருவரைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது, அந்த வழியில் இடுகாடே இருந்ததில்லை. விசாரித்த மற்றத் தோழர்களும் அதையே சொன்னார்கள்.

நினைவு பொய் என்று அவர் அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. துணிவு தேவைப்பட்ட ஒரு சிறுவனின் மனம் தனக்கு வேண்டிய இடுகாட்டைத் தானே கட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார். நினைவின் உண்மை அது நடந்ததா என்பதில் இல்லை, இன்று அது என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. நீதிமன்றத்தில் இந்த வாதம் செல்லாது. ஆலோசனை அறையில் இதைவிட்டால் வேறு வழியில்லை.

மே 15, வியாழன்

அக்காவிடம் மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். "செருப்பா? அன்றைக்கு நான் வெறுங்காலோடுதான் வந்தேன். நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய்."

மே 16, வெள்ளி

முடிவு வரவில்லை. தொலைபேசியில் திங்கட்கிழமை கேளுங்கள் என்றார்கள்.

மே 17, சனி

பிறப்பு வரிசையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லாரும் சோதிடம் கேட்பது போல ஆகிவிடுகிறார்கள். மூத்தவர் பொறுப்பானவர், கடைக்குட்டி செல்லம் என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. அட்லர் சொன்னது எண்ணைப் பற்றியது அல்ல; அந்த வீட்டில் அந்தப் பிள்ளை தனக்கு எந்த இடம் இருக்கிறது என்று கருதிக்கொண்டது என்பதைப் பற்றியது. நோயாளியான மூத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இளையவரே மூத்தவராக வளரக்கூடும். இதை இன்று வகுப்பில் சற்றுக் குரல் உயர்த்தியே சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

செருப்புகள் இருந்தன. வாரிலிருந்து ஒழுகிய தண்ணீர் எனக்கு நினைவிருக்கிறது.

மே 19, திங்கள்

"உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" அட்லரின் முறையான தனிநபர் உளவியலில் பயிற்சி பெறுகிறவர்கள் இதை வெறுமனே "அந்தக் கேள்வி" என்றுதான் குறிப்பிடுகிறார்கள். தலைவலியால் அவதிப்படும் ஒருவர், "தலைவலி இல்லாவிட்டால் வேலைக்கு விண்ணப்பிப்பேன்" என்றால், அவர் தயங்கி நிற்கும் இடம் வேலை என்று கொள்ளலாம். "திருமணத்துக்குச் சம்மதிப்பேன்" என்றால் தயக்கம் அங்கே. தொழில், நட்பு, காதல் என்று வாழ்க்கை எல்லார் முன்னும் வைக்கும் மூன்று பணிகளில் எதன் வாசலில் அவர் நின்றுவிட்டார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைக்கும் கேள்வி இது. "வலி இருக்காது, வேறென்ன" என்று ஒருவர் சொன்னால், உடலைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்று பின்னாளில் அட்லரின் வழிவந்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ் இதை மேலும் தெளிவாக்கினார்.

இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. நோயுற்ற ஒருவரிடம் "நீ எதற்காக நோயுற்றிருக்கிறாய்" என்று கேட்பது உதவி அல்ல, குற்றச்சாட்டு. அட்லர் கடைசி வரை மருத்துவராகவே இருந்தார் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொலைபேசியில் இன்றும் விடை இல்லை.

மே 20, செவ்வாய்

அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மே 22, வியாழன்

பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சி. வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டுப்பாடம் செய்ய மறுக்கும் சிறுவன், நான் பெரியவர். டிரைக்கர்ஸ் பிள்ளைகளின் தவறான இலக்குகளை நான்காகப் பிரித்தார்: கவனத்தை ஈர்ப்பது, அதிகாரத்தை நிலைநாட்டுவது, பழிவாங்குவது, தன்னால் ஆகாது என்று காட்டி ஒதுங்குவது. எந்த இலக்கு என்பதைப் பிள்ளையிடம் தேடுவதற்கு முன் பெரியவர் தம் உணர்வைப் பார்க்க வேண்டும். எரிச்சல் வந்தால் முதலாவது. "யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம்" என்று வீம்பு எழுந்தால் இரண்டாவது. மனம் புண்பட்டால் மூன்றாவது. இனி இவனிடம் எதுவும் செய்வதற்கில்லை என்று கை ஓய்ந்தால் நான்காவது.

தோழர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் பாராட்டினேன், "நீ கெட்டிக்காரன்" என்றேன். ஆசிரியர் அங்கேயே நிறுத்தினார். பாராட்டு மேலிருந்து கீழே இறங்கி வருவது, அதை வாங்கிக்கொள்கிறவன் அடுத்த முறையும் கெட்டிக்காரனாக இருக்கக் கடன்பட்டுவிடுகிறான். ஊக்கமூட்டல் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது: "இந்த முதல் கணக்கை நீயாகவே போட்டிருக்கிறாய், எப்படிப் போட்டாய் என்று எனக்குக் காட்டு." இரண்டாம் முறை அப்படித்தான் கேட்டேன். தோழர் தலை நிமிர்ந்தார். நடிப்பாக இருந்தாலும் நிமிர்ந்த விதத்தில் நடிப்பு தெரியவில்லை.

இரவு அக்கா ஒற்றைக் கையால் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். "நீ எதற்கு இதெல்லாம் செய்கிறாய், விடு" என்று சொல்ல வாயெடுத்து, துணியை எடுத்து அந்தத் தட்டைத் துடைத்து வைத்தேன்.

மே 24, சனி

ஒரு பகுதி முடிவு வந்துவிட்டது. இன்னொரு பரிசோதனை வேண்டுமாம்.

மே 28, புதன்

1937இல் இதே நாளில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், உரையாற்றப் போயிருந்த இடத்தில், காலையில் நடந்துகொண்டிருந்த அட்லர் தெருவிலேயே விழுந்து இறந்தார். வயது 67. அவருடைய சாம்பல் எடின்பரோவில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2007இல் கண்டறியப்பட்டு, 2011இல்தான் வியன்னாவுக்குத் திரும்பியது. அந்த வியன்னாவில் முதல் உலகப் போருக்குப் பிறகு அவரும் அவருடைய குழுவினரும் ஆசிரியர்கள் முன்னிலையில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லும் நிலையங்களை நடத்தினார்கள். 1934இல் அவை மூடப்பட்டன.

எனக்கு இன்று மனத்தை விட்டு அகலாதது வேறொன்று. அந்தக் கடைசி மாதங்களில் அவருடைய மூத்த மகள் வாலண்டைன் சோவியத் நாட்டில் இருந்தாள், அவளைப் பற்றிய செய்தி எதுவும் கிடைக்கவில்லை. அவள் கைதாகியிருந்தாள்; 1942இல் சிறைமுகாமில் இறந்தாள். எதுவும் தெரியாமல், ஊர் ஊராகப் போய்த் துணிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் தந்தை. துணிவைப் பற்றிப் பேசியதால் கவலை குறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கவலையோடு பேசினார், அவ்வளவுதான். இதைப் பாடத்தில் எவரும் சொல்வதில்லை. சொன்னால் பாடம் இன்னும் நம்பத்தக்கதாக இருக்கும்.

மே 30, வெள்ளி

அக்கா என் குறிப்பேட்டைப் படித்துவிட்டாள். மேசையில் திறந்தே வைத்துவிட்டுப் போனால் படிக்கத்தான் செய்வார்கள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நானே சொல்லிவிடுகிறேன். சரியாகிவிட்டால் என் தலையை நானே வாரிக்கொள்வேன். உச்சியில் வகிடு கோணாமல். நீ எடுத்தால் கோணுகிறது. இது உடம்பு நோய்தான் என்று எழுதிக்கொள்" என்றாள். பிறகு, சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைக் கண்ணாடியை விட்டுத் திருப்பாமலே கேட்டாள்: "எனக்குச் சரியாகிவிட்டால் நீ என்ன செய்வாய்?"

வகிடு எடுத்துக்கொண்டே இருந்தேன். அவளும் விடவில்லை. "அந்தப் படிவத்தைக் கொடுப்பாய், அதுதானே?"

மே 31, சனி

தயங்கும் மனப்பான்மை என்று அட்லர் எழுதியதற்கு முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை பிறரிடமே தேடிக்கொண்டிருந்தேன். "ஆம், ஆனால்" என்பதுதான் அதன் இலக்கணம். "ஆம்" என்பது ஊருக்கு, "ஆனால்" என்பது காலுக்கு. வாய் சொல்வதை விட்டுவிட்டு, அந்த மனிதர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைப் பார்க்கச் சொன்னார் அவர். என் கால்கள் ஒவ்வொரு மாலையும் அக்காவின் அறைக்குத்தான் வருகின்றன. அதில் அன்பு இல்லை என்று எந்தப் பாடமும் என்னைச் சொல்லவைக்க முடியாது. ஆனால் அங்கே இருக்கும் நேரத்தில் வேறோர் அறையில், எனக்கு அறிமுகமில்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, உதவ முடியாமல் போகும் வாய்ப்போடு அவரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை என்று அம்மா சொன்னபோது, அவர் இதற்காகவே பல நாட்களாகக் காத்திருந்தது தெரிந்தது.

ஜூன் 2, திங்கள்

படிவத்தை நிரப்பினேன். "ஆலோசனை வழங்குவதில் உங்களுக்கு இருக்கும் வலிமை" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அக்கா எழுதுகோலைப் பிடுங்கி, வலது கையால் "காத்திருப்பாள்" என்று எழுதிவிட்டாள். என் கையெழுத்து அல்ல என்று அலுவலகத்தில் கேட்டால் விளக்கிக்கொள்ளலாம்.

முதல் நேரடி அமர்வு வியாழன் காலை பத்து மணிக்கு. அக்காவின் மறுபரிசோதனையும் அதே வியாழன், அதே பத்து மணி. அவளே தொலைபேசியை எடுத்து, நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.