ஏணி இருக்கும் இடம்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஆடி முடிந்தது. காலையிலேயே என் வீட்டுக்காரர் பென்சிலும் பழைய காலண்டர் தாளுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கூடத்து ஓடு, ரேழிச் சுவர், தாழ்வாரத்து மூலையில் கக்கூஸ். மூன்றும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். விரல் விட்டு எண்ணினால் எட்டு வாரம். இருபது வருஷம் தள்ளிப்போட்டதை எட்டு வாரத்தில் முடிக்கப் பார்க்கிறார்.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ஏணியில் ஏறக் கூடாது. "சரி" என்றார். தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அந்த ராத்திரிக்கு இன்றோடு நாற்பது நாள்.

19 ஆகஸ்ட்

மாத்திரை காலை இரண்டு, இரவு மூன்று. தவறவில்லை.

21 ஆகஸ்ட், புதன்

மேஸ்திரி வந்தார். எழுபது வயது இருக்கும். ரேழிச் சுவரைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் டொக் டொக். சில இடத்தில் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம்.

"சிமென்ட்டை யார் பூசுனது?"

நாங்கள்தான். 2004இல். எனக்கு அரியர் பணம் வந்த வருஷம். மற்றவர்கள் வீட்டுச் சுவர் போல வழவழவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அன்றைக்கு இவர் யோசித்தார், நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

மேஸ்திரி பொறுமையாகச் சொன்னார். இது நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடிச் சுவர். தரையிலிருந்து தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் விட முடியாது. உள்ளேயே இருந்துகொண்டு மேலே ஏறும். கூடவே உப்பையும் ஏற்றும். காய்கிற இடத்தில் உப்பு பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். எங்கள் வீட்டில் முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் இப்போது இடுப்புக்கு வந்திருக்கிறது. வருஷா வருஷம் அதன் மேல் பெயின்ட் அடித்தோம். ஆற்றில் தண்ணீர் வந்து கிணறு ஏறினால் சுவரில் கோடும் ஏறும். இந்த வருஷம் மேட்டூர் திறந்ததே ஆடியில்தான், அதனால் கோடு இன்னும் கீழே இருக்கிறது.

நாலடி உயரம் வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புதான் பூச வேண்டுமாம். இவர் கேட்டார், "அப்ப இத்தனை வருஷமா நாங்கதான் கெடுத்தோமா?" மேஸ்திரி பதில் சொல்லவில்லை, வெற்றிலையை எடுத்தார்.

ராத்திரி நான் ரேழியில் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

24 ஆகஸ்ட்

சுட்ட கிளிஞ்சல் ஆறு மூட்டை வந்தது. கொல்லையில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துத் தாளித்தார்கள். தண்ணீர் பட்டதும் உலை மாதிரி கொதிக்கிறது. ஆவி முகத்தில் அடிக்கிறது. இவர் அதன் பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கிறார். கையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு நிமிஷம் இரும்மா" என்றார். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். கையை விட்டுவிட்டேன்.

தனியாக ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறுகிறது. மூடியைத் திறந்தால் புளித்த வாசனை. சித்தாள் அக்கா தினமும் ஒரு குச்சியால் கிளறிவிடச் சொல்லியிருக்கிறார். அந்த வேலை எனக்கு.

27 ஆகஸ்ட்

ஏணியைக் கொல்லைத் தூணோடு சேர்த்து சைக்கிள் செயின் போட்டுப் பூட்டினேன். சாவி அரிசிப் பானைக்குள்.

1 செப்டம்பர், ஞாயிறு

தூக்கம் இல்லை. மணி மூன்று. அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் சில நேரம் ஓர் இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இவர் மூச்சை இப்படிக் கேட்டதே கிடையாது. குறட்டை விட்டால் முதுகில் தட்டித் திரும்பிப் படுக்கச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது குறட்டை கேட்டால் நிம்மதியாக இருக்கிறது.

அன்றைக்கும் மணி மூன்றுதான். கொல்லைக்குப் போனவர் திரும்பி வர ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் படுத்திருந்தேன்? பத்து நிமிஷமா? நாலைந்து படி, முற்றம், அப்புறம் இருட்டில் இருபது அடி. அந்தத் தூரத்தை எத்தனை தடவை மனசுக்குள் நடந்துவிட்டேன்.

அதனால்தான் தாழ்வாரத்தில் கக்கூஸ். வீட்டுக்குள் கக்கூஸ் கூடாது என்று என் மாமியார் கடைசி வரை சொன்னார். மன்னித்துக்கொள்ளட்டும்.

4 செப்டம்பர்

கக்கூஸ் குழிக்கு உறை இறக்கியாயிற்று. எட்டு உறை. ஊற்று சீக்கிரமே வந்துவிட்டதால் மேற்கொண்டு தோண்டவில்லை. கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி என்பதில் மேஸ்திரிக்கும் இவருக்கும் அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் தென்னைமரத்துக்கு அந்தப் பக்கம், இடம் இருக்கிற மட்டும் தள்ளி. குழாய்ச் செலவு கூடும், பரவாயில்லை.

7 செப்டம்பர், பிள்ளையார் சதுர்த்தி

வேலை இல்லை. கொழுக்கட்டை இரண்டுதான் கொடுத்தேன். மூன்றாவதை எடுக்கப் போனவர் என்னைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

12 செப்டம்பர், வியாழன்

கூடத்து ஓட்டை இறக்குகிறார்கள். வெயில் நேராகக் கூடத்துக்குள் விழுகிறது. ஊஞ்சல் மேல் வெயில் பட்டதை இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பார்த்ததில்லை.

சில ஓட்டின் அடியில் பேஸல் மிஷன், மங்களூர் என்று அச்சு இருக்கிறது, 1865 என்றும் இருக்கிறது. சித்தாள் அக்கா "அம்மாடி, நூத்தைம்பது வருஷத்து ஓடா" என்றார். இவர் ஒரு ஓட்டைத் துண்டால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். அது ஓடு செய்த வருஷம் இல்லை, மங்களூரில் அந்த மிஷன்காரர்கள் ஓட்டுச் சூளை ஆரம்பித்த வருஷம். பிறகு செய்த ஓட்டிலும் அதையே அச்சடித்தார்கள். வீடு கட்டியது இவருடைய தாத்தா. ஓட்டுக்கும் வீட்டின் வயசுதான்.

நல்ல ஓட்டை ஒரு பக்கம், விரல் மடக்கித் தட்டினால் சத்தம் செத்துப்போனதை ஒரு பக்கம். சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, 140, 150 ஓடு பிடிக்கும். கூடத்துக்கு மட்டும் ஆறு சதுரம். எழுபது ஓடு போல தேறவில்லை. பாதிக்கு மேல் கஜா புயலில் விரிசல் விட்டது. 2018 நவம்பர் 16, விடியற்காலை. நாங்கள் இரண்டு பேரும் உள்ளேயிருந்து வாசல் கதவைத் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றோம். மேலே ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று போகிற சத்தம். விடிந்ததும் காற்று முழுசாக அடங்குவதற்குள் இவர் தார்ப்பாயோடு ஏணியில் ஏறிவிட்டார். அப்போது எனக்குப் பயமே இல்லை. கீழே நின்று கயிற்றை வீசினேன்.

சரி, இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். மத்தியானம் மேஸ்திரி ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர்களுடைய ஏணியில் ஏறியிருக்கிறார். அவர்கள் ஏணி! அதை நான் யோசிக்கவே இல்லை. ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் கட்டையில் கரையான் இருக்கிறதா என்று பார்க்க ஏறினாராம். ஓட்டு விளிம்பு கட்டைவிரலில் கிழித்துவிட்டது. சின்னக் காயம். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் லேசில் நிற்காது. என் முந்தானை, அவர் துண்டு, அப்புறம் ஒரு தலையணை உறை. இருபது நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

13 செப்டம்பர்

பேசவில்லை.

14 செப்டம்பர்

பேசவில்லை. மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்தேன். போட்டுக்கொண்டார்.

17 செப்டம்பர், புரட்டாசி 1

"ரீப்பர்ல கரையான் இல்ல" என்றார், சாப்பிட்டுக்கொண்டே. இவ்வளவுதான். நானும் "அப்ப செலவு மிச்சம்" என்றேன்.

20 செப்டம்பர்

கோயம்புத்தூரிலிருந்து பையன். "எதுக்கும்மா அந்த வீட்டுல பணத்தைக் கொட்றீங்க? வித்துட்டு இங்க வந்துடுங்க. பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, லிஃப்ட் இருக்கு." அவன் சொல்வதில் தப்பில்லை. மூன்று மணிக்கு முழிப்பு வரும்போதெல்லாம் எனக்கும் அதுதான் தோன்றுகிறது. விடிந்து, முற்றத்தில் வெளிச்சம் விழுந்து, இவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பரை விரித்ததும் தோன்றுவதில்லை.

இதை அவனிடம் சொல்லத் தெரியவில்லை. "பார்க்கலாம்பா" என்றேன்.

26 செப்டம்பர், வியாழன்

ரேழிச் சுவர் பூச்சு முடிந்தது. ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு மணல், தண்ணீருக்குப் பதில் அந்தக் கடுக்காய்த் தண்ணீர். கலவையைத் தொட்டால் வெண்ணெய் போல வழுக்குகிறது. மணியாஸ் கட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தார் மேஸ்திரி. அவசரமே இல்லை அவருக்கு. சிமென்ட்டுக்குத்தான் அவசரம், சுண்ணாம்பு நிதானமாகத்தான் இறுகும் என்கிறார்.

பத்து நாளைக்குக் காலையும் மாலையும் சுவரை நனைக்க வேண்டும். அடித்து ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். இந்த வேலையை மேஸ்திரி இவரிடம் கொடுத்துவிட்டார். நாலடி உயரம்தான், தரையில் நின்றே செய்யலாம். சொம்பும் வைக்கோல் கட்டுமாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிறார். நடுவில் நின்று கை வைத்துப் பார்க்கிறார். மேஸ்திரி வேண்டுமென்றே செய்தாரா, தெரியவில்லை. ஒரு கும்பிடு போட வேண்டும் அவருக்கு.

27 செப்டம்பர்

கடன் போக இன்னும் நாற்பதாயிரம் வேண்டும். சீட்டு எடுத்துவிட வேண்டியதுதான்.

5 அக்டோபர், சனி

கக்கூஸ் தரை போட்டார்கள். ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி வாட்டம் பார்த்தார்கள். தண்ணீர் இறங்குகிற நானி டிராப் பக்கம் போகாமல் ஒரு ஓரத்தில் தேங்கியது. கையளவு தண்ணீர்தான். அதிலும் கால் வைத்தால் வழுக்குமே. உடைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். கொத்தனாருக்குக் கோபம். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு "உடைடா" என்றார்.

அப்புறம் கைப்பிடிக் கம்பி. எந்த உயரத்தில் என்று அளக்க வேண்டும். நாற்காலியில் இவரை உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். "எனக்கு எதுக்கு இதெல்லாம், கெழவனுக்குப் போடற மாதிரி" என்றார். மூன்று தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். மூன்று தடவையும் கை ஒரே இடத்துக்குத்தான் போனது. டைல்ஸ் ஒட்டின சுவரில் வெறும் திருகாணி தாங்காது என்று நீளமான போல்ட் போட்டு முறுக்கினார்கள். நான் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். உள்ளே லைட் எரிந்தது. கம்பியைப் பிடித்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். சத்தம் போடாமல் வந்து படுத்துக்கொண்டேன்.

11 அக்டோபர், சரஸ்வதி பூஜை

மேஸ்திரி தன் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் இங்கேயே கொண்டுவந்து வைத்தார். கழுவித் துடைத்து வரிசையாக. பக்கத்தில் இவருடைய கண்ணாடி, என் ஸ்கூல் பேனா, அரிவாள்மணை, தையல் மெஷின். பொரிகடலை, சுண்டல்.

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் ஏணிக்கும் வைத்தேன். ஒவ்வொரு படிக்கும். பதினோரு படி.

15 அக்டோபர், செவ்வாய்

மழை. பருவமழை இன்றைக்குத் தொடங்கிவிட்டதாக டி.வி.யில் சொன்னார்கள். இங்கே மத்தியானமே கருத்து, நாலு மணிக்கு ஊற்ற ஆரம்பித்தது.

விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எப்போதும் போல அண்டா, குண்டான், பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் பழைய இடங்களில் வைத்திருந்தேன். எது எங்கே என்று இருட்டிலும் தெரியும் எனக்கு. ஒரு சொட்டு விழவில்லை. ஓட்டின் மேல் மழைச் சத்தம் மட்டும். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்தில், புதுக் கக்கூஸ் வாசலுக்கு நேர் மேலே, இரண்டு கூரையும் சேருகிற கூடுவாயில், ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. சரியாக அவர் ராத்திரி கால் வைக்கிற இடத்தில். சாக்கை மடித்துப் போட்டேன். விடிய விடிய மூன்று தடவை பிழிந்து போட்டேன்.

தொண்ணூற்றெட்டாம் நாள்.

16 அக்டோபர், புதன்

ஆறு மணிக்கு மழை விட்டது. மேஸ்திரிக்குப் போன் போட்டால் இன்றைக்கு வர முடியாது என்கிறார், அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீராம். வானம் திரும்பக் கருக்கிறது.

அரிசிப் பானைக்குள் கை விட்டுச் சாவியை எடுத்தேன். செயினைக் கழற்றும் சத்தம் கேட்டு அவர் வந்துவிட்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. ஏணியின் காலுக்கு அடியில் உடைந்த ஓட்டுச் சில்லை வைத்து ஆட்டம் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எட்டாவது படி கொஞ்சம் லூசு, ஓரமா மிதி" என்றார்.

ஏறினேன். படியில் சந்தனம் இன்னும் இருந்தது. கூடுவாய்த் தகரத்தில் வேப்பிலையும் ஓட்டுத் தூளும் அடைத்துத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறியிருக்கிறது. கையால் அள்ளிக் கீழே போட்டேன். ஓரத்து ஓடு ஒன்று பள்ளத்தில் உட்காராமல் தூக்கி நின்றது. "இடது பக்கம் தூக்கி உன் பக்கம் இழு. இன்னும். இப்ப அமுக்கு." டக் என்று உட்கார்ந்தது. அங்கேயிருந்து பார்த்தால் எங்கள் ஊர்ப் பெரிய கோயில் கோபுரம் முழுசாக, ஈரமாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் இதை அவர் மட்டும் பார்த்திருக்கிறார்.

"தெரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

17 அக்டோபர்

சொட்டவில்லை.

19 அக்டோபர், சனி

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கக்கூஸ் கதவு ஈரத்தில் ஊறி மூட மாட்டேன் என்கிறது. இழைத்துத் தர ஆசாரி திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார், ஆனால் திங்கள் எங்களுக்குத் தஞ்சாவூர். ஏழரை மணி பஸ். பழைய ரிப்போர்ட் எல்லாம் மஞ்சள் பையில் இருக்கிறது, இ.சி.ஜி. தாள் மட்டும் காணவில்லை. சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், ஆசாரி வந்தால் திறந்துவிட. ரேழிச் சுவருக்கு வெள்ளையடிக்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்க வேண்டும்.